பிறந்தவுடன் ஒரு பரீட்சை

வட்டவளையில் மழை பெய்தது என்று எழுதினால் அவ்வூரை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் அது ஒன்று. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 5,000 மில்லிமீற்றர் மழையை வாங்கும் மலைச்சரிவு. தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கிவிட்டால், கினிகத்தேனைப் பக்கத்திலிருந்து ஏறிவரும் முகில் தேயிலை மலைகளையும், புகையிரத நிலையத்தையும், லயங்களின் தகரக் கூரைகளையும் ஒருசேர மூடிவிடும். சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் அத்தகைய இரவொன்றிலேதான் எமது தங்கைக்கு நோவு கண்டது.

மாதம் நிறைந்த கர்ப்பம். கிளினிக்கிற் குறித்துக் கொடுத்த நாளுக்கு இன்னும் மூன்று நாளே இருந்தன. அவளுடைய கணவர் கொழும்பில் வேலை பார்ப்பவர். அன்றிரவு அவரால் வந்து சேர முடியவில்லை. எனவே தமையன் என்ற முறையில் நாமே உடன் சென்றோம். அம்மாவும் வந்தார். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்ததும் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி தோட்டப் பாதையின் முடிவு வரையில் வந்துவிட்டது. லயத்திலிருந்து அவ்விடம் வரைக்கும் வழுக்கும் படிகளில் அவளைக் கைத்தாங்கலாக இறக்கிச் சென்றோம். அம்மா குடை பிடித்தார். மலைநாட்டு வைத்தியசாலை ஒன்றில், விடியற்காலை நாலரை மணிக்குப் பெண் பிள்ளை பிறந்தது.

பிறந்தது என்ற செய்தி வந்தது. அழுகைச் சத்தம் வரவில்லை. வெளியே வாங்கில் அமர்ந்திருந்த எமக்கு அந்த இடைவெளி ஒரு யுகமாகத் தோன்றியது. அம்மா வாய்க்குள் முருகனை அழைத்துக்கொண்டிருந்தார். பிறகு, மெல்லியதாய் ஓர் அழுகை. அதன் பின்னர் ஓங்கிய அழுகை. அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாட் பகலில், பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைப் பார்க்கும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. நமது நாட்டிற் பெண் பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு நிறத்திலும் ஆண் பிள்ளைகளுக்கு நீல நிறத்திலும் கொடுக்கப்படும் அந்த ஏட்டைப் பெற்றோர் யாவரும் அறிவர். நிறை, நீளம், தலைச் சுற்றளவு என்பவற்றோடு வேறு இரண்டு எண்களும் அதில் இருந்தன. ஒரு நிமிடத்தில் 4. ஐந்து நிமிடத்தில் 9. இரண்டும் பத்துக்கு இடப்பட்ட புள்ளிகள்.

இருபது ஆண்டுகளாக விடைத்தாள் திருத்திப் பழகிய கண் எமது கண். பத்துக்கு நான்கு என்பதைக் கண்டதும் நெஞ்சு துணுக்குற்றது. உலகத்துக்கு வந்து ஒரு நிமிடம் ஆகுமுன்னரே இந்தப் பிள்ளை குறைந்த புள்ளி வாங்கிவிட்டதே என்ற எண்ணமே முதலில் எழுந்தது. அதைச் சொல்ல இன்றும் எமக்கு வெட்கமாயிருக்கின்றது. எமது முகத்தைக் கண்ட தாதி ஒருவர் அருகில் வந்தார். சிங்களப் பெண்மணி, ஆயினும் பல்லாண்டு தோட்டத்துத் தாய்மாரோடு பழகியமையால் நன்றாகத் தமிழ் பேசினார்.

"சேர், பயப்பட வேணாம். மொதல்ல நாலு. பொறகு ஒம்பது. நீங்க ரெண்டாவதப் பாருங்க. நடுவுல நாங்க என்ன செஞ்சோம் எண்டதுதான் அந்தக் கணக்கு."

அந்த ஐந்து வாக்கியங்களின் பொருளை முற்றாக விளங்கிக்கொள்ள எமக்குச் சில வாரங்கள் வேண்டியிருந்தன. விளங்கியதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறந்த பிள்ளைக்கு இடப்படும் அப்புள்ளிக்கு அப்கார் புள்ளி என்று பெயர். பிள்ளை பிறந்து ஒரு நிமிடமானதும் ஒரு முறையும், ஐந்து நிமிடமானதும் மறுமுறையும் ஐந்து குறிகளைப் பார்ப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பூச்சியம், ஒன்று அல்லது இரண்டு புள்ளி. ஆகக்கூடியது பத்து.

முதலாவது, இருதயத் துடிப்பு. துடிப்பே இல்லையெனிற் பூச்சியம். நிமிடத்துக்கு 100 இற்குக் குறைவாயின் ஒன்று. அதற்கு மேலாயின் இரண்டு. இரண்டாவது, மூச்சு. மூச்சில்லையெனிற் பூச்சியம், மெலிந்தும் ஒழுங்கின்றியும் வந்தால் ஒன்று, ஓங்கி அழுது மூச்செறிந்தால் இரண்டு. மூன்றாவது, தசைகளின் உறுதி. துவண்டு கிடந்தாற் பூச்சியம். கைகால்களைச் சற்று மடக்கினால் ஒன்று. நன்கு உதைத்து அசைத்தால் இரண்டு. நான்காவது, தூண்டினால் எதிர்ச்செயல் உண்டா என்பது. ஒன்றும் இல்லையெனிற் பூச்சியம். முகத்தைச் சுளித்தால் ஒன்று. தும்மினாலோ, இருமினாலோ, வீரிட்டாலோ இரண்டு. ஐந்தாவது, நிறம். உடல் முழுதும் நீலம் பாரித்தோ வெளிறியோ இருந்தாற் பூச்சியம். உடல் சிவந்து கைகால்கள் மாத்திரம் நீலமாயிருந்தால் ஒன்று. முழுதும் சிவந்திருந்தால் இரண்டு.

ஏழு முதல் பத்து வரையும் கவலையற்ற நிலை. நான்கு முதல் ஆறு வரை கவனிப்பு வேண்டிய நிலை. மூன்றும் அதற்குக் கீழும் பெரிதும் தளர்ந்த நிலை. மாதம் நிறைந்து, அதாவது 37 வாரங்கள் கழிந்து பிறக்கும் பிள்ளைகளிற் மிகப் பெரும்பாலானவை ஐந்தாம் நிமிடத்தில் ஏழுக்கு மேல் எட்டிவிடுகின்றன. ஐந்தாம் நிமிடத்திலும் ஏழை எட்டாத பிள்ளைக்கு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறையாக இருபதாம் நிமிடம் வரையிற் புள்ளி இடுவார்கள். குறைமாதத்துப் பிள்ளைகளின் கதை வேறு. அவற்றின் தசைகளும் மூச்சும் இன்னும் முதிராதவையாகையால், நோயொன்றும் இல்லாவிட்டாலும் புள்ளி குறையும். ஆகவே மாதம் நிறைந்த பிள்ளையை அளக்கும் கோலால் அவற்றை அளத்தல் நியாயமன்று.

முதல் நிமிடத்திற் பத்துக்குப் பத்து வாங்கும் பிள்ளைகள் அரியவை என்பதும் பலருக்குத் தெரியாது. கருப்பையின் வெதுவெதுப்பிலிருந்து வெளியே வந்த பிள்ளையின் கைகளும் பாதங்களும் சிறிது நேரம் நீலம் பாரித்திருத்தல் இயல்பே. எனவே ஆரோக்கியமான பிள்ளைக்கும் ஒரு புள்ளி அங்கே குறைந்துவிடும். பக்கத்துக் கட்டிற் பிள்ளைக்குப் பத்து, நமக்கு ஒன்பது என்று ஏங்கும் தாய்மாருக்கு இதைச் சொல்லிவைத்தல் நன்று.

நிறத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். நமது பிள்ளைகளுள் மாநிறத்தவரும் கருநிறத்தவரும் உண்டு. மேனி சிவந்ததா என்று தோலைப் பார்த்து முடிவு செய்தல் அவர்களிடத்திற் பொருந்தாது. நாக்கையும் வாயின் உட்புறத்தையும் பார்த்தே பிராணவாயு ஊறியதா என்று அறிதல் வேண்டும். ஐந்து குறிகளுள் நிறமே குறைந்த திருப்தியைத் தருவது என்று இந்த முறையை வகுத்தவரே தம் முதற் கட்டுரையில் எழுதியிருக்கின்றார்.

வகுத்தவர் ஒரு பெண்மணி. டொக்டர் வேர்ஜீனியா அப்கார் 1909 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திற் பிறந்தார். 1933 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றுச் சத்திரசிகிச்சை பயிலத் தொடங்கினார். அக்காலத்திற் பெண்ணொருத்தி அத்துறையில் நிலைபெறுதல் கடினம் என்று அவருடைய ஆசான் அலன் விப்பிள் எடுத்துக் கூறி, மயக்கமருந்துத் துறைக்கு அவரைத் திருப்பினார். அது கதவடைப்பே எனினும், திறந்த மறு கதவு பிரசவ அறையின் கதவாயிற்று. மயக்கமருந்து தாய்க்குக் கொடுக்கப்பட்டால் பிள்ளைக்கு என்னவாகின்றது என்று பார்ப்பது அவர் கடமையாயிற்று. 1949 இல் அந்த வைத்தியக் கல்லூரியின் முதற் பெண் முழுப் பேராசிரியராகவும் அவர் உயர்ந்தார்.

அவர் கண்டது யாது? அமெரிக்காவிற் சிசு மரணங்கள் குறைந்துகொண்டே வந்தன. ஆனால் பிறந்த முதல் நாளிலேயே நேரும் மரணங்கள் குறையவில்லை. பிரசவ அறையில் எல்லாரும் தாயையே கவனித்தார்கள். மூச்சடங்கி, வெளிறி, துவண்டு பிறந்த பிள்ளை பிழையாது என்று தாமாகவே முடிவு கட்டி, அதை ஒரு புறமாக வைத்துவிடுவது அக்காலத்து வழக்கமாயிருந்தது. அதன் நெஞ்சிற் காதை வைத்துக் கேட்பதற்கு ஓர் ஒழுங்கு இல்லை. கேட்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு நாட் காலையுணவு வேளையில், பிறந்த பிள்ளையின் நிலையை எவ்வாறு மதிப்பிடுவது என்று மாணவர் ஒருவர் கேட்டாராம். அப்கார் அம்மையார் கையிற் கிடைத்த தாளில் ஐந்து குறிகளையும் எழுதிக் காட்டிவிட்டு, அதைச் சோதித்துப் பார்க்கப் பிரசவ அறைக்கே ஓடினார் என்று சொல்வார்கள்.

1952 இல் அந்த முறையை வைத்தியர் சபையில் அவர் எடுத்துரைத்தார். 1953 இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களோடு அது அச்சேறியது. 1958 இல் அவரும் டொக்டர் ஹொலடே, டொக்டர் ஸ்ரான்லி ஜேம்ஸ் முதலிய தோழர்களும் 15,348 பிள்ளைகளைப் பற்றிய இரண்டாம் அறிக்கையை வெளியிட்டனர். புள்ளி குறைந்த பிள்ளையின் இரத்தத்திற் பிராணவாயு குறைந்தும் அமிலம் மிகுந்தும் இருப்பதையும் அவர்களின் ஆராய்ச்சிகள் காட்டின. 1962 இல் ஜோசப் பட்டர்பீல்ட் என்ற வைத்தியர், ஐந்து குறிகளின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் அம்மையாரின் குடும்பப் பெயரே வருமாறு ஒரு நினைவுச் சூத்திரமும் அமைத்தார். அப்கார் 1974 ஆம் ஆண்டில் மறைந்தார்.

ஆசிரியத் தொழிலில் இருப்போருக்கு அவருடைய ஏற்பாடுகளுள் ஒன்று தனியாகப் பிடிக்கும். பிரசவம் பார்த்தவரே புள்ளியையும் இடலாகாது என்று அவர் வற்புறுத்தினார். தம் கையாற் பிறந்த பிள்ளைக்கு எவரும் மனமாரக் குறைத்துப் புள்ளி இடமாட்டார் அல்லவா? தம் வகுப்புப் பிள்ளைகளின் தாள்களைத் தாமே திருத்தும் ஆசிரியர்களுக்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும்.

இவற்றையெல்லாம் ஒரு மாலையில் அம்மாவுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தோம். பேத்தி மடியில் உறங்கிக்கொண்டிருந்தது. மூச்சடங்கிய பிள்ளையை முன்னாளில் ஒரு புறமாக வைத்துவிடுவார்களாம் என்று நாம் சொன்னதும் அம்மா எம்மை நிமிர்ந்து பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, எமது வாழ்நாளில் ஒரு முறையேனும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

எமக்கு முன்னே ஒரு பெண் பிள்ளை பிறந்து தவறியது என்பது மாத்திரமே எமக்குத் தெரியும். அது 1974 ஆம் ஆண்டு. தோட்டங்களில் அரிசியும் மாவும் கிடையாமற் பட்டினியால் உயிர்கள் போன காலம். அம்மாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. லயக் காம்பராவிற் பிரசவம். வெளியே இதே மழை.

"பத்து மாசமும் நெறஞ்ச புள்ளதான் தம்பி. வெளுத்துப் போயி, ஈரத் துணியாட்டம் கெடந்துச்சு. அழல. மருத்துவச்சிக் கெழவி ரெண்டு தட்டு தட்டிப் பாத்துச்சு. பொறகு ஒரு பழஞ்சேலையில சுத்தி அடுப்போரத்துல வச்சிருச்சு. எனக்கு ரத்தம் நிக்கல. எல்லாரும் என்னையத்தான் பாத்தாங்க. கொஞ்ச நேரங்கழிச்சு அந்தச் சேல ஒருதரம் அசஞ்சாப்புல இருந்துச்சு. நான் சொன்னேன். காத்துன்னுட்டாங்க."

அறையில் மழைச் சத்தம் மாத்திரமே இருந்தது. பின்னர் அம்மா கேட்டார்: "இந்த மாதிரி மார்க்குப் போடுற வழக்கம் அன்னைக்கு இருந்திருந்தா, யாராச்சும் நெஞ்சத் தொட்டுப் பாத்திருப்பாங்கல்ல?"

அந்த மூதாட்டி மருத்துவச்சியைக் குறை கூற எமக்கு மனம் வரவில்லை. ஒரு விளக்கும் இரண்டு கைகளுமே அவருக்கு இருந்தன. இரத்தம் போய்க்கொண்டிருந்த தாயை அவர் காப்பாற்றினார். அவர் காப்பாற்றியிராவிட்டால் இதை எழுத நாமும் இல்லை. எனினும் அம்மாவின் கேள்விக்கு விடை 'ஆம்' என்பதே. அப்கார் முறையின் உயிர் அங்கேதான் இருக்கின்றது. ஒன்றுக்கும் உதவாது என்று தோன்றும் பிள்ளையையும் ஒருவர் கையிலெடுத்து, நெஞ்சைக் கேட்டு, மூச்சைப் பார்த்து, ஓர் எண்ணை எழுதியே ஆகவேண்டும். பூச்சியம் என்று எழுதுவதற்கும் தொட்டுப் பார்க்கவேண்டும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ஒரு நிமிடம் காத்திருந்து புள்ளியைப் பார்த்த பிறகா சிகிச்சை தொடங்குவார்கள்? இல்லை. பிறந்த கணத்திலேயே பிள்ளையைத் துடைத்து உலர்த்துவார்கள்; முதுகை மெல்லத் தேய்ப்பார்கள்; வெதுவெதுப்பாகப் போர்த்துவார்கள்; மூச்சு வராவிடில் முதல் நிமிடத்துக்குள்ளேயே முகமூடியும் காற்றுப் பையும் கொண்டு காற்றைச் செலுத்துவார்கள். பிறக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்கு மூச்சைத் தொடங்கச் சிறிது உதவி வேண்டியிருக்கும். நூற்றில் ஒன்றுக்கும் குறைவானவற்றுக்கே பெருஞ் சிகிச்சை வேண்டும். ஒரு நிமிடத்துப் புள்ளி பிள்ளை வந்த நிலையைக் காட்டுகின்றது. ஐந்து நிமிடத்துப் புள்ளி அந்த உதவிக்குப் பிள்ளை எவ்வாறு இணங்கியது என்பதைக் காட்டுகின்றது. நடுவில் நாங்கள் என்ன செய்தோம் என்பதே கணக்கு என்று தாதி சொன்னதன் பொருள் இதுவே. அந்தப் பரீட்சையை எழுதியது பிள்ளையன்று. சூழ நின்றவர்களே எழுதினார்கள்.

ஆனால் நாம் அவ்வாறு நினைப்பதில்லை. எண்ணொன்றைக் கண்டால் அதைப் பிள்ளையின் தலையில் எழுதிவிடுவதே நமது வழக்கம். இதில் எமது பிழை ஒன்றையும் ஒளியாமற் சொல்லல் வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், ஆறாம் வகுப்பில் எம்மிடம் ஒரு பையன் படித்தான். வகுப்பிற் பேசவே மாட்டான். ஒரு நாள் அவனுடைய தந்தையார் வந்தார். "பொறந்தப்ப அழாத புள்ளங்க சேர். மூளைக்குக் காத்துப் போகலையாம். மார்க்குக் கொறச்சலாத்தான் போட்டாங்களாம்" என்றார். வேறு வைத்தியச் சான்று ஒன்றும் அவரிடம் இல்லை. எந்த நிமிடத்துப் புள்ளி, எத்தனை புள்ளி, பின்னர் கூடியதா என்று நாம் ஒன்றும் கேட்கவில்லை. இனி அவனைப் பற்றி முயலவேண்டியதில்லை என்ற ஒருவகை ஆறுதலே எமக்கு உண்டாயிற்று. அவனைக் கடைசி வாங்கில் இருத்தினோம். அந்த ஆண்டு முழுதும் அவனிடம் ஒரு கேள்வியேனும் கேட்டதாக எமக்கு நினைவில்லை. பத்தாம் வகுப்போடு அவன் பள்ளியை விட்டுக் கொழும்புக்குப் போய்விட்டான். சில ஆண்டுகள் கழிந்து, ஒரு தீபாவளிக்கு முதல் நாள் ஹட்டன் பஸ் நிலையத்தில் எம்மைக் கண்டு, "சேர்" என்று ஓடிவந்து எமது பையை வாங்கிக்கொண்டான். புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடை ஒன்றிற் சரக்குக் கணக்கெழுதுகின்றானாம். அவன் மகிழ்ச்சியோடு பேசப் பேச எமக்குத் தலை குனிந்தது. அவனைக் கடைசி வாங்கில் வைத்தது பிறந்த நேரத்துப் புள்ளியா, அல்லது நாமா?

இப்புள்ளி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைப் பற்றிப் பெரிய ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. அமெரிக்காவின் டலஸ் நகரத்தில் 1988 முதல் 1998 வரை பிறந்த பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு 2001 இல் வெளியாயிற்று. அதில் மாதம் நிறைந்து பிறந்தவை 132,228. ஐந்தாம் நிமிடத்தில் ஏழும் அதற்கு மேலும் பெற்றவற்றுள், முதல் மாதத்திலே தவறியவை ஆயிரத்துக்கு 0.2. அதாவது ஐயாயிரத்தில் ஒன்று. மூன்றும் அதற்குக் கீழும் பெற்றவற்றுள் ஆயிரத்துக்கு 244. ஐந்தாம் நிமிடத்துப் புள்ளியைப் பொருட்படுத்தத்தான் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதே எண்ணை மறுபுறமாகவும் பாருங்கள். மிகத் தாழ்ந்த புள்ளி பெற்றவற்றுள்ளும் ஆயிரத்துக்கு எழுநூற்றைம்பதுக்கு மேற்பட்டவை அம்மாதத்தைக் கடந்து பிழைத்தன.

சுவீடன் நாட்டில் 1999 முதல் 2012 வரை மாதம் நிறைந்து பிறந்த 12 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து, 2018 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐந்தாம் நிமிடத்திலும் பத்தாம் நிமிடத்திலும் புள்ளி குறையக் குறைய, மூளை பாதிக்கப்பட்டுக் கைகால் இயக்கம் குன்றும் நோயும் வலிப்பு நோயும் வரும் வாய்ப்புக் கூடுகின்றது என்று கண்டார்கள். எனினும் அந்தப் பெருந்தொகையில், இயக்கக் குறைபாடு வந்தவை ஆயிரத்தில் ஏறத்தாழ ஒன்று. வலிப்பு வந்தவை ஆயிரத்தில் ஏறத்தாழ மூன்று. ஆகவே ஐந்தாம், பத்தாம் நிமிடங்களிலும் புள்ளி ஏறாத பிள்ளையைக் கிளினிக்குக்குத் தவறாது கொண்டு சென்று, கழுத்து நிற்பதையும், இருப்பதையும், நடப்பதையும், பேசுவதையும் உரிய காலத்திற் பார்த்துவர வேண்டும். குறையிருந்தால் விரைவிற் கண்டுபிடித்துப் பயிற்சியளிக்கலாம். ஆனால் இந்த எண்ணை மாத்திரம் வைத்துத் தனியொரு பிள்ளையின் அறிவையோ எதிர்காலத்தையோ கணிக்கலாகாது என்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கமே வெளிப்படையாக எச்சரித்திருக்கின்றது.

நமது நாட்டின் கதையையும் சுருக்கமாகப் பார்ப்போம். 1946 இல் இலங்கையிற் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் 141 பிள்ளைகள் முதலாண்டு நிறையுமுன்னர் இறந்தன. இன்று அத்தொகை பத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. கிராமங்கள் தோறும் சென்ற மருத்துவமாதரும், இலவச வைத்தியசாலைகளும், பெண் கல்வியுமே இந்த அற்புதத்தைச் செய்தன. தோட்டங்களுக்கு அது பிந்தியே வந்து சேர்ந்தது. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவை பற்றிய சட்டம் 1872 இலேயே பிறந்துவிட்டது. அது லயத்துத் தாயின் பாய் வரைக்கும் வந்து சேர நூறாண்டுக்கு மேலாயிற்று. இன்று நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பிரசவங்கள் வைத்தியசாலைகளிலேயே நடக்கின்றன. நமது பகுதியில் டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டப்பட்ட 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலைக் கட்டிடம் 2017 இல் திறக்கப்பட்டது. இன்று நாட்டிற் தவறும் சிசுக்களிற் பெரும்பாலானவை முதல் மாதத்துக்குள்ளேயே தவறுகின்றன. ஆகவே இனிக் காக்கவேண்டியது, பிறப்பின் அந்தச் சில நிமிடங்களையும் அவற்றை அடுத்து வரும் நாட்களையுமே.

அந்த நிமிடங்களைப் பிரசவ அறை மாத்திரம் தீர்மானிப்பதில்லை. மலையேறிக் கொழுந்து பறிக்கும் தாய்க்கு இரத்தம் குறைந்திருந்தால், மாதம் நிறைந்த பிள்ளையும் மெலிந்தே பிறக்கும். நோவின் அழுத்தத்தைத் தாங்கும் வலுவும் அதற்குக் குறையும். எனவே கிளினிக்கிற் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைகளை வயிற்றைப் புரட்டுகின்றது என்று மூலையிற் போட்டுவிடலாகாது. பிள்ளையின் அசைவு வழக்கத்திலும் குறைந்தால் விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. பனிக்குடம் உடைந்தபின் வீட்டில் இருத்தலும் ஆகாது. மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடும் மலைகளிலுள்ளோர், நாள் நெருங்கும்போது முன்கூட்டியே வைத்தியசாலைக்குச் சென்றுவிடுதல் நன்று.

வழியிலே பிள்ளை பிறந்துவிட்டால், தலைகீழாகப் பிடித்து அறைதல், குளிர்நீரைத் தெளித்தல் முதலிய பழைய வழிகளைக் கைவிடுங்கள். உலர்ந்த துணியால் உடலையும் தலையையும் துடைத்து, முதுகைத் தேய்த்து, ஈரத்துணியை மாற்றி, தாயின் மார்போடு சேர்த்து இருவரையும் போர்த்துங்கள். சீனித் தண்ணீரும் சேனையும் வேண்டாம், தாய்ப்பாலே போதும். உடனே 1990 இற்கு அழையுங்கள்.

மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகின்றோம். தாதித் தொழிலுக்கோ மருத்துவமாதர் பயிற்சிக்கோ விண்ணப்பம் கோரும்போது மலையகப் பிள்ளைகள் பின்னிற்கலாகாது. அன்று விடியற்காலையில் எமது மருமகளின் நெஞ்சிற் குழாயை வைத்துக் கேட்ட கைகள் ஒரு சிங்களப் பெண்மணியின் கைகள். அவருக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். நோவில் துடிக்கும் தோட்டத்துத் தாயிடம் அவளுடைய மொழியிலேயே பேசுபவர் ஒருவரும் அந்த அறையில் இருந்தால் அவளுக்குப் பாதி நோவு குறையும்.

நான்கு வாங்கிய அந்தப் பிள்ளைக்கு இப்போது எட்டு மாதம். தவழ்ந்து வந்து எமது மூக்குக்கண்ணாடியைப் பறிக்கின்றது. கிளினிக்குக்குப் போகும் நாட்களில் அம்மாவே அதைத் தூக்கிச் செல்கின்றார். இளஞ்சிவப்பு ஏட்டை மழையிற் படாமல் ஒரு பொலித்தீன் பையிற் சுற்றி, முந்தானைக்குள் வைத்துக்கொள்வார். அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, இலக்கங்கள் தெரியும். ஒரு நாள் அந்தப் பக்கத்தைத் திறந்து, நாலையும் ஒன்பதையும் விரலாற் தொட்டுக்கொண்டிருந்ததைக் கண்டோம்.

"மூத்தவளுக்கு ஒண்ணும் எழுதலையே தம்பி" என்றார்.

உண்மைதான். அந்தப் பிள்ளைக்குப் பிறப்புப் பதிவும் இல்லை. இறப்புப் பதிவும் இல்லை. மழையில் அசைந்த ஒரு பழஞ்சேலை மாத்திரமே அதன் வரலாறு. இனி இம்மலைகளிற் பிறக்கும் எந்தப் பிள்ளையும் தொட்டுப் பாராமல் ஒரு புறமாக வைக்கப்படாதிருக்கட்டும். பிறந்த அறையிலும், பின்னர் எமது வகுப்பறைகளிலுந்தான்.